ஏலத்தோட்ட ஜீப்புக்கு ஒரு மலிவு வின்ச்

கம்பம்மெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக்கு ஏறும் கடைசி அரை கிலோமீட்டர், ஆடி மாதத்தில் ரோடே இல்லை, சேறுதான். பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போய், பழைய மஹிந்திரா மேஜர் ஜீப்புக்கு வின்ச் வாங்கினேன். வண்டியின் முன்னால் மாட்டும் மோட்டார் அது; கம்பியை மரத்தில் கட்டிவிட்டால், அதைச் சுற்றிச் சுற்றி வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்துவிடும்.

வண்டியும் மூட்டையும் ஆளும் சேர்ந்து 2,200 கிலோ வரும். அதில் ஒன்றரை மடங்காவது இழுக்க வேண்டும் என்பது கணக்கு. 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ, எடுத்தேன். அந்த எண், கம்பி சுற்றும் டிரம்மில் அடி அடுக்குக்கு மட்டும்தான். மேலே அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். பெட்டியில் இதைப் பெரிதாகப் போட மாட்டார்கள்.

கம்பத்துப் பட்டறையில் மாட்டினோம். பம்பரிலேயே போல்ட் போட்டுவிடலாம் என்றார் வெல்டர். “அண்ணே, அப்புறம் பம்பர் மட்டும் மரத்தோடு போயிடும்” என்றேன். சிரித்துக்கொண்டே சேசிஸோடு சேர்த்துக் கனமான பிளேட் வைத்தார்.

முதல் மழையிலேயே கன்ட்ரோல் பெட்டிக்குள் தண்ணீர். கம்பியை இழுக்கும், விடாது. திறந்தால் மூடியின் ரப்பர், நமுத்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. விற்றவர் போனையே எடுக்கவில்லை. சரி என்று புது ரப்பர் வைத்து, பெட்டியைப் பானட்டுக்குள் மாற்றினேன். அதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முழுப் பாரத்தில் 350 ஆம்பியர் வரை குடிக்கும், எஞ்சினை அணைத்துவிட்டு இழுத்தால் பேட்டரி காலி. கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி வரும் என்பதால் அதன்மேல் ஈரச் சாக்கைப் போடாமல் பொத்தானைத் தொடுவதில்லை. போன வாரம் எட்டு மூட்டையோடு புதைந்தோம். பலாமரத்தில் பெல்ட்டைச் சுற்றி இழுத்ததில் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது.