ஆறு நிமிடத்தில் ஒரு ஆல்பம்: எந்த முன்னோட்டத்தை நம்பலாம்?

வெள்ளிக்கிழமை காலையில் கைபேசியைத் திறந்தால் புதுப் பாட்டுகள் வரிசைகட்டி நிற்கின்றன. உலகம் முழுக்கப் புது ஆல்பங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் நாள் என்று இசை நிறுவனங்கள் 2015 ஜூலையில் ஒழுங்கு செய்துகொண்டன. தமிழ்ப் படப் பாட்டுகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, எந்த நாளிலும் வரும். கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கோட்டையில் இறங்குவதற்குள் இவ்வளவையும் முழுதாகக் கேட்டு முடிக்க யாராலும் ஆகாது. அதனால் எல்லோருமே ஏதோ ஒரு துண்டைக் கேட்டுத்தான் 'இது வேண்டும்', 'இது சரிவராது' என்று பிரிக்கிறோம். எந்தத் துண்டைக் கேட்பது என்பதில் மட்டும் கொஞ்சம் அக்கறை வேண்டும் என்பது என் கட்சி. ஆல்பம் ஒன்றுக்கு ஆறு நிமிடம் ஒதுக்கலாம் என்று வையுங்கள். அந்த ஆறு நிமிடத்தை எங்கே செலவழிப்பது?

துண்டு கேட்டு முடிவெடுப்பதே பாவம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் காது வேகமானது. கரோல் க்ரம்ஹான்சல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பிரபலமான பாட்டுகளை ஒரு வினாடியில் பாதிக்கும் குறைவாக, 0.4 வினாடி மட்டும் ஒலிக்கவிட்டார். நாலில் ஒரு தடவைக்கு மேல் கேட்டவர்கள் பாட்டின் பெயரையும் பாடகரையும் சொல்லிவிட்டார்கள். அவை ஏற்கெனவே தெரிந்த பாட்டுகள்தான். ஆனாலும் குரலின் நிறம், வாத்தியங்களின் சேர்க்கை, எந்தக் காலத்து ஒலிப்பதிவு, எந்த வகைப் பாட்டு என்பதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நமக்குப் பிடிபட்டுவிடுகின்றன என்பது இதில் தெரிகிறது. ஒரு பாடகரின் குரல் உங்களுக்கு ஒத்துவராது என்று பத்து வினாடியில் தோன்றினால் அதை நம்பலாம். மெட்டு எங்கே போகிறது, இரண்டாம் சரணத்தில் என்ன நடக்கிறது, ஆல்பத்துக்கு ஒரு உடம்பு இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு மட்டும் பத்து வினாடியில் பதில் கிடைக்காது. ஒவ்வொரு முன்னோட்டத்தையும் அதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

முதலில் கடை முன்னோட்டம். ஆப்பிள் 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் என்ற இணையப் பாட்டுக் கடையைத் திறந்தபோது ஒவ்வொரு பாட்டிலும் 30 வினாடி இலவசமாகக் கேட்கலாம் என்று வைத்தது. 2010 கடைசியில், இரண்டரை நிமிடத்துக்கு மேல் நீளமான பாட்டுகளுக்கு அதை 90 வினாடியாக்கினார்கள். அந்த மூன்று மடங்கு என்ன மாற்றத்தைத் தந்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் சாதாரண வேகப் பாட்டில் 30 வினாடி என்பது 45 தட்டு. எட்டுத் தட்டு ஒரு சுற்றாக, அதாவது ஒரு ஆவர்த்தனமாக ஓடும் ஆதி தாளமாக எண்ணினால் ஐந்தரை ஆவர்த்தனத்துக்குச் சற்று மேல். பல்லவி ஒருமுறை வந்து, மறுபடி எடுக்கும் நேரத்தில் அறுந்துவிடும். 90 வினாடி என்றால் பதினாறு ஆவர்த்தனத்துக்கும் மேல்: பல்லவி, அதன் பிறகு வாத்திய இசை, சரணத்தின் வாசல் வரைக்கும் போகலாம். மெட்டமைத்தவருக்கு ஒரே ஒரு நல்ல வரிதான் கிடைத்ததா, அதற்கு மேலும் சரக்கு இருக்கிறதா என்பது அந்த வாசலில் நின்றால் தெரிந்துவிடும். 30 வினாடியில் தெரியாது. பன்னிரண்டு பாட்டுள்ள ஆல்பத்தை 30 வினாடி வீதம் ஓடவிட்டால் கிடைப்பது பன்னிரண்டு பல்லவிகள். ஆறு நிமிடமும் அதிலேயே தீர்ந்துவிடும். கேட்டு முடித்ததும் ஆல்பத்தையே கேட்டுவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வருவதுதான் இதில் எனக்குப் பிடிக்காத விஷயம்.

ஒன்றை மட்டும் இதற்குச் சாதகமாகச் சொல்லலாம். எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவு. தயாரிப்பாளர் தூக்கி நிறுத்த விரும்பும் பாட்டுக்கும் ஒன்பதாவதாகப் போட்டு மறந்த பாட்டுக்கும் சம இடம். ஆல்பம் முழுக்க ஒரே தாளப் பெட்டி, ஒரே சாயல் என்றால் இந்த வழியில் உடனே பிடித்துவிடலாம்.

ரீல்ஸ், டிக்டொக்கில் வரும் 15 வினாடித் துண்டை ஆல்பத்தை மதிப்பிடும் வழியாக நான் ஏற்கவே மாட்டேன். அது விற்பவர் தேர்ந்தெடுத்த துண்டு. அதுவும் ஒரு தடவை வருவதில்லை, நாள் முழுக்கச் சுழன்று சுழன்று வரும். திரும்பத் திரும்பக் கண்ட பொருள், வேறு காரணம் ஒன்றும் இல்லாமலே, நமக்குப் பிடிக்கத் தொடங்கும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ட்ஸ் 1968இலேயே சோதனை செய்து காட்டிவிட்டார். பாட்டு நல்லதா, காது பழகிவிட்டதா என்று பிரிக்க முடியாத நிலையில் கேட்பவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது இந்தத் துண்டு. இதோடு சத்தம் வேறு. இரண்டு பாட்டில் கொஞ்சம் உரக்க ஒலிப்பதுதான் நல்ல பாட்டாகத் தோன்றும். ஒலிப்பதிவு செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஸ்பொட்டிஃபை மாதிரியான செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. குறுங்காணொளியில் அந்த நியாயத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆடும் ஆளின் முகமும் உடுப்பும் சேர்ந்தே மனதில் பதியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சிங்கிளின் லிரிக் வீடியோ இதைவிடப் பரவாயில்லை, குறைந்தபட்சம் முழுப் பாட்டு. ஆனால் ஐந்து பாட்டில் எது உடனே பற்றிக்கொள்ளும் என்று பார்த்துத்தான் அதை முன்னால் விடுகிறார்கள். அதை வைத்து மற்ற நாலையும் ஊகிப்பது நடக்காத காரியம். மெல்லிசை எதிர்பார்ப்பவர் குத்துப்பாட்டு சிங்கிளைக் கேட்டு அந்த ஆல்பத்தையே தள்ளிவைத்துவிடுகிறார். உள்ளே நாலாவதாக அவருக்கான பாட்டு இருக்கும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு வானொலியும் ஒரு வழி, அதை லேசாக எடுக்கக்கூடாது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தமிழ்நாட்டையும் கட்டிப்போட்ட காலத்தில், படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். கேட்கிறவருக்குப் பாட்டோடு பாட்டின் குடும்பமும் தெரிந்தது. இன்றைய பண்பலை நிலையங்களில் அந்தப் பொறுமை குறைவு, முடிவதற்குள் விளம்பரம் புகுந்துவிடும். இருந்தாலும் வானொலியில் நான் மதிக்கும் குணம், தள்ளிவிட முடியாது என்பது. முதல் இருபது வினாடி பிடிக்காத பாட்டும் மூன்றாம் நிமிடத்தில் திரும்பி நம்மைப் பிடிக்கிற வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது.

பஸ்ஸில் கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும்போது என்ஜின் உறுமலில் பாஸ் கிட்டார் காணாமல் போகும், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும், அதாவது கனத்த ஒலி தரும் பக்கமும், போகும். மிஞ்சுவது குரலும் மெட்டும் கைத்தட்டல் மாதிரியான மேல் ஒலிகளும். மெட்டு பலமான பாட்டு அந்த இரைச்சலிலும் நிற்கும். நுணுக்கமான ஒலியமைப்பை நம்பி நிற்கும் பாட்டு அங்கே வெறுமையாகத் தெரியும், அது பாட்டின் குற்றம் இல்லை. அப்படியான ஆல்பத்துக்கு பஸ்ஸில் தீர்ப்பு எழுதாமல், வீட்டுக்குப் போய் இயர்போனில் ஒருக்கா கேளுங்கள்.

இனி, நாமே கிள்ளிக் கேட்பது. நீளப் பட்டையை இழுத்து இழுத்து நாலு இடத்தில் கேட்பதை எல்லோரும் செய்கிறோம், பெரும்பாலும் தவறான நாலு இடத்தில். நாலரை நிமிடத் தமிழ்ப் படப் பாட்டு ஒன்றை எடுங்கள். தொடக்க இசை, பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், பல்லவியின் மீட்டல், இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம், முடிப்பு என்பது பழகிய அமைப்பு. பல்லவியை விட்டுவிடுங்கள், அது எப்படியும் எங்கேயாவது காதில் விழும். நேரே இரண்டரை நிமிடத்துக்குப் பக்கத்தில் போய், இரண்டாம் இடையிசையின் தொடக்கத்தைப் பிடியுங்கள். முதல் இடையிசையையே திருப்பிப் போட்டிருக்கிறார்களா, புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறார்களா? இரண்டு இடையிசையையும் வெவ்வேறாக எழுதி, ஒவ்வொன்றையும் அடுத்த சரணத்துக்குப் பாதை போட்டுக்கொண்டு போய்ச் சேர்ப்பதை இளையராஜாவின் எத்தனையோ பாட்டுகளில் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அந்த அளவுகோலை இன்றைய இசையமைப்பாளர் மேல் அப்படியே வைக்க வேண்டியதில்லை. ஆனால் உழைத்திருக்கிறாரா என்பது அந்த இடத்தில் தெரியும். அப்படியே சரணத்துக்குள் போங்கள். மெட்டு பல்லவியைவிட மேலே ஏறுகிறதா, கீழே இறங்கி வேறொரு மனநிலைக்குப் போகிறதா, அங்கேயே நின்று சுழல்கிறதா? பாடகர் கீழ் ஸ்தாயியில் மூச்சை எப்படி வைக்கிறார்? வரிகளும் இங்கேதான் அகப்படும். பல்லவிக்கு மினுக்கமாக நாலு சொல் போட்டுவிட்டுச் சரணத்தை நிரப்பித் தள்ளியிருந்தால், காதுக்கு உடனே தெரியும்.

புதுப் பாட்டுகள் பல மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. சரணம் ஒன்றுதான், அல்லது அந்த இடத்தில் ராப் வரும். அவற்றுக்கு இரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு அரை நிமிடம் போதும். பாட்டின் உள்வீடு எப்படி என்று பார்ப்பதுதான் நோக்கம். கிள்ளிக் கேட்பதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மெல்ல மெல்லக் கட்டி எழுப்பிய உச்சத்தில் திடீரென்று குதித்தால் அது வெறும் சத்தமாகத்தான் கேட்கும்.

அந்தக் குறைக்கு மருந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்பது. எந்தப் பாட்டை? முதல் பாட்டு வேண்டாம், அதிகம் கேட்கப்பட்டது என்று மேலே நிற்பதும் வேண்டாம். ஆல்பத்தின் பின்பாதியில், யாரும் பெரிதாகப் பேசாத ஒன்றை எடுங்கள். விற்பனைக்கென்று முன்னால் வைக்காத இடத்திலும் அக்கறை இருந்தால் அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்கலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

டேட்டா செலவாகுமே என்று ஒரு தம்பி கேட்கலாம். நொடிக்கு 96 கிலோபிட் தரத்தில் நாலரை நிமிடப் பாட்டு மூன்றேகால் எம்பிக்குப் பக்கத்தில் வரும். பன்னிரண்டு பாட்டின் 30 வினாடித் துண்டுகள் அதே தரத்தில் நாலே கால் எம்பி தாண்டும். துண்டு கேட்பதால் டேட்டா மிச்சமாவதில்லை. டேட்டாவைத் தின்பது காணொளிதான்.

ஆக என் கணக்கு இப்படி: ஆறு நிமிடத்தில் நாலரை நிமிடம் பின்பாதியில் ஒரு முழுப் பாட்டுக்கு. மீதி ஒன்றரை நிமிடத்தில் மூன்று பாட்டின் இரண்டாம் சரணம், அரை அரை நிமிடமாக. பன்னிரண்டு பல்லவிகளைவிட இது எவ்வளவோ நேர்மையான படத்தைத் தரும்.

எல்லா வகைக்கும் இது பொருந்தாது. ராப் ஆல்பம் என்றால் கடைத் துண்டே பெருமளவு போதும். தாளம் பெரும்பாலும் ஒரே வட்டத்தில் ஓடுவதால் ஆளின் ஓட்டமும் சொல்லழுத்தமும் 30 வினாடியில் விளங்கும். கர்நாடகக் கச்சேரிப் பதிவில் அதே 30 வினாடி குரலையும் சுருதியையும் மட்டும் சொல்லும். ராகத்தை எப்படி விரிக்கிறார் என்பதற்கு ஆலாபனையில் ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும், அங்கே ஆறு நிமிடக் கணக்கு தோற்றுவிடும். வாத்திய ஆல்பங்கள் இன்னும் கடினம். இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் சமர்ப்பித்து வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் துண்டு வெட்டினால் மேற்கத்திய வயலின் கூட்டம், இன்னொரு இடத்தில் வெட்டினால் கர்நாடக ராகம். இரண்டும் சந்திக்கிற இடம்தான் அந்த ஆல்பம், அதைத் துண்டில் யாராலும் காட்ட முடியாது.

கடைசியாக, படக் கம்பெனியின் ஆதரவில்லாமல் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் சொந்தமாகப் பாட்டு வெளியிடும் பிள்ளைகளைப் பற்றி. ஸ்பொட்டிஃபையில் 30 வினாடி தாண்டினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. இருபதாவது வினாடியில் நாம் தள்ளிவிட்டால் அந்தப் பாடகருக்கு ஒரு சதமும் சேராது. அதற்குப் பயந்துதான் தொடக்க இசையைக் குறைத்துப் பல்லவியை முன்னால் இழுத்து வைக்கிறார்கள், நாம் துண்டு கேட்கும் விதம் அவர்கள் பாட்டு கட்டும் விதத்தையே மாற்றுகிறது. பேண்ட்கேம்ப் மாதிரி, வாங்குவதற்கு முன் முழுப் பாட்டையும் கேட்கவிடும் தளத்தில் அவர்களுடைய ஆல்பம் கிடைத்தால் அங்கேயே போய்க் கேளுங்கள். இல்லாவிட்டால் எந்தச் செயலியானாலும், பின்பாதிப் பாட்டு ஒன்றை நடுவில் விடாமல் கேளுங்கள். பிடித்திருந்தால் எது பிடித்தது என்று எழுதி அனுப்புங்கள். 'சூப்பர்' என்பதைவிட, 'இரண்டாம் சரணத்தில் புல்லாங்குழல் வந்த இடம் வடிவாக இருந்தது' என்ற ஒரு வரி அவர்களுக்கு அடுத்த பாட்டு செய்ய உதவும்.