பியூட்டைல் பட்டை: எங்கள் கேரவன் கூரை ஒழுகாமல் நின்ற கதை

வெள்ளவத்தையில் வீட்டு முற்றத்தில் நிற்கும் 14 அடிக் கேரவனுக்கு இந்த பியூட்டைல் என்ற ரப்பர் வகை ஒட்டுப்பட்டையைப் போட்டு இரண்டு வருடமாகிறது. மே மாதப் பருவமழையும் ஒக்டோபர் இடிமழையும் இரண்டு தடவை அடித்து ஓய்ந்துவிட்டன. உள்ளே ஒரு சொட்டு இல்லை. போட்ட கிழமையே எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு இருந்திருக்காது.

வண்டியைப் பழசாகத்தான் வாங்கினோம். நுவரெலியாவில் ஒரு இரவு அம்மாவின் தலையணை நனைந்துபோனது. திரும்பி வந்ததும் ஒரு கடையில், இனி ஆயுளுக்கும் பயமில்லை என்று சொல்லி மூட்டுகளின் மேல் பூச சிலிக்கன் பசை தந்தார்கள். ஆறு மாதத்தில் நகத்தால் கிளப்ப, நாடா மாதிரி உரிந்து வந்தது. பழைய சிலிக்கன்மேல் புது சிலிக்கன்கூடச் சரியாக ஒட்டாது.

அப்புறம்தான் பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நானா ஒருவரிடம் போனேன். "தம்பி, மேலால பூசினா தண்ணி உள்ளுக்குத்தான் மாட்டிக்கும். மூலைப் பட்டியைக் கழட்டிப் பாருங்க" என்றார்.

கழற்றினேன். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் விளிம்பை அந்த அலுமினியப் பட்டிதான் மூடுகிறது. அடியிலிருந்த பழைய பசை காய்ந்து வெடித்திருந்தது. திருகாணிகள் துருப்பிடித்து ஊசி போல மெலிந்திருந்தன. ஆணியின் புரி வழியே இறங்கிய நீர் நேராக மரச்சட்டத்துக்குப் போயிருக்கிறது. சட்டத்தை விரலால் அழுத்தினேன், ஈரப் புட்டு மாதிரி உதிர்ந்தது. வெளியே பார்த்தால் வண்டி பளபளவென்றுதான் இருந்தது. எனக்கு நெஞ்சே பதறிவிட்டது.

உக்கிய மரத்தை எந்தப் பட்டையும் காப்பாற்றாது. தச்சு பாஸைக் கூப்பிட்டு நான்கு அடிச் சட்டத்தை மாற்றினோம். பழைய பசையைச் சுரண்டி, விளிம்பைத் துடைத்து, பட்டியின் அடியில் பியூட்டைலை ஒட்டி, துருப்பிடிக்காத புது திருகாணிகளால் இறுக்கினோம். இறுக்கும்போது ஓரமெங்கும் கொஞ்சம் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் வெயில் பட்டபின் மறுபடி இறுக்கினோம், இன்னும் பிதுங்கியது. அதைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தோம். கத்தி வைத்தால் தகட்டில் கீறல் விழும்.

இது காய்ந்து இறுகாது. பாதைக் குலுக்கலில் சட்டம் அசைந்தாலும் கூடவே இழுபடும். அதுதான் இதன் பெரிய பலம். குறையும் உண்டு: கையில் ஒட்டினால் இலேசில் போகாது, வெளியே தெரியும்படி விட்டால் தூசியெல்லாம் அதில்தான். கூரைமேல் திறந்திருக்கும் இடங்களுக்கு இதை வாங்காதீர்கள். தகட்டுக்கும் பட்டிக்கும் நடுவே நசுங்கி இருப்பதுதான் இதற்குரிய இடம். யன்னல் சட்டத்துக்கும் முன்பக்க மேல்விளிம்புச் சிறு விளக்குகளுக்கும் இதையே போட்டேன். அந்த விளக்குகளை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் எங்கள் வண்டியில் அவையும் ஒழுகின.

வேலை முடிந்ததும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சோதியுங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே தொடங்கினால் எந்த மூட்டால் புகுந்தது என்று பிடிபடாது.