பிளாஸ்டிக் அரிசி என்று பயமுறுத்தி மில் அரிசியையே இரட்டை விலைக்கு விற்றார்

திருச்சி உறையூர் பக்கம் இருப்பவர்கள் கவனமாக இருங்கள். துணிப்பையில் தூயமல்லி என்ற பாரம்பரிய ரக அரிசி என்று வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒருவரிடம் மூன்று மாதத்தில் ஐம்பது கிலோ வாங்கினேன். கிலோ 120 ரூபாய். ஆள் பெயரைப் போடப் போவதில்லை. கையில் பில் இல்லாமல் பெயர் போட்டால் நாளைக்கு என் மேல்தான் கேஸ் வரும். எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ரேஷன் அரிசியைத் தண்ணீரில் போடுகிறார்கள், சில மணிகள் மட்டும் மிதக்கின்றன. அடுத்து, சோற்றை உருட்டித் தரையில் அடிக்கிறார்கள், ரப்பர் பந்து மாதிரி துள்ளுகிறது. கீழே, "நம் பிள்ளைகளுக்கு விஷம் வைக்கிறார்கள். கடை அரிசியைப் புறக்கணிப்போம்." போட்டவர் இதே அரிசிக்காரர். அன்று ராத்திரியே எங்கள் வீட்டுச் சோற்றையும் உருட்டி அடித்துப் பார்த்தேன். துள்ளியது. எனக்கு வயிறு எரிந்துவிட்டது. உடனே மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன்.

மறுநாள் அரிசி மண்டிக்குப் போய், நாலு பேர் நிற்கும்போதே, "அண்ணாச்சி, இனிமே உங்க அரிசி வேண்டாம்" என்றேன். "டீச்சர், இருபது வருஷமா இதைத்தானே சாப்பிடுறீங்க?" என்றார். "அதனாலதான் எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு சுகர்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி நடக்கும்போது உடம்பே லேசாக இருந்தது. ஊருக்கே ஏதோ நல்லது செய்துவிட்ட மாதிரி. அந்தச் சுகத்துக்குத்தான் கிலோவுக்கு 62 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. அண்ணாச்சி கடையில் அப்போது கிலோ 58தான்.

புது அரிசியை எல்லோரிடமும் புகழ்ந்தேன். "அந்தக் காலத்து ருசி" என்றேன். இருபது வருஷம் பொன்னி சாப்பிட்ட நாக்குக்குப் பொன்னியைப் போட்டால் பழகின ருசி இல்லாமல் எப்படி இருக்கும்!

பொங்கல் லீவுக்கு வந்த மகள்தான் கேட்டாள், "அம்மா, இந்தச் சோத்தை உருட்டிப் பாத்தியா?" பார்க்கவில்லை. தோன்றவே இல்லை. சூடாக ஒரு கை எடுத்து அழுத்தி உருட்டி அடித்தாள். துள்ளி, கிரைண்டர் காலில் பட்டு, பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. எந்தச் சோறும் துள்ளுமாம். வெந்த அரிசியின் மாவுச்சத்து பசை மாதிரி பிடித்துக்கொள்கிறது, நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அரிசியை விட பிளாஸ்டிக் குருணைக்கு விலை அதிகம், நஷ்டத்துக்கு எவன் கலப்படம் செய்வான் என்றும் கேட்டாள். பி.எட். படித்த எனக்கு இது உறைக்கவில்லை.

மிதந்த மணிகளுக்கும் காரணம் இருக்கிறது. ரேஷனில் அப்போது வந்தது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, மெஷினில் அரிசி மணி போலவே அச்செடுத்து, 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலப்பார்கள். அதனால் நிறத்தில் கொஞ்சம் மாறித் தெரியும், சில மிதக்கும். தமிழ்நாட்டில் இதை முதலில் கொடுத்துப் பார்த்ததே நம் திருச்சி மாவட்டத்தில்தான். வேண்டாத மணி என்று எத்தனை வீட்டில் பொறுக்கிக் குப்பையில் போட்டார்களோ.

அப்புறம் கடைசிப் பையின் அடியில் அரிசி அளக்கும்போது சிக்கியது ஒரு பச்சைக் காகிதத் துண்டு. மில்லில் சிப்பத்தின் வாயில் வைத்துத் தைக்கும் சீட்டின் பாதி. அண்ணாச்சி கடை வாசலில் அடுக்கியிருக்கும் 26 கிலோ சிப்பங்களில் அதே பச்சைச் சீட்டு. 25 கிலோ வரை பொட்டலத்துக்கு ஜிஎஸ்டி வந்ததும் மில்கள் 26 கிலோவாகப் போட ஆரம்பித்தன. நம்ம ஆள் அதைப் பிரித்துப் பத்துப் பத்து கிலோவாகத் துணிப்பையில் கட்டியிருக்கிறார்.

போன் செய்தேன். முதலில், "மேடம், பை மாறிப்போச்சு" என்றார். அப்புறம், "நேர்ல பேசிக்கலாம்" என்றார். சாயங்காலம் பார்த்தால் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார். அட்மினும் அவர்தானே.

இது புது வித்தையும் இல்லை. 1980களில் அமெரிக்காவில் பிராக்டர் அண்ட் கேம்பிள் என்ற சோப்புக் கம்பெனியின் பழைய முத்திரை சாத்தானின் அடையாளம் என்று சர்ச்சுகளில் நோட்டீஸ் கொடுத்தார்கள். கம்பெனித் தலைவரே டிவியில் வந்து ஒப்புக்கொண்டாராம். அப்படி ஒரு பேட்டி நடக்கவே இல்லை. முத்திரையில் இருந்தது பிறை முகமும், அந்த நாட்டின் முதல் 13 காலனிகளைக் குறிக்கும் 13 நட்சத்திரங்களும்தான். சோப்புத்தூள் வாங்குவதை நிறுத்திய பக்திமான்கள் நிஜமாகவே நம்பித்தான் நிறுத்தினார்கள், என்னைப் போல. 1985ல் பொருட்களின் மேலிருந்து முத்திரையையே எடுக்க வேண்டியதாயிற்று. பத்து வருஷம் கழித்து அதே கதையைத் தங்கள் ஆட்களுக்குப் பரப்பியவர்கள் ஆம்வே விநியோகஸ்தர்கள் நாலு பேர். அதாவது, போட்டிச் சோப்பு விற்றவர்கள். 2007ல் சால்ட் லேக் சிட்டியில் அவர்கள் கம்பெனிக்குக் கட்ட வேண்டும் என்று ஜூரி போட்ட நஷ்டஈடு 1 கோடியே 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர்.

என் கேஸில் அதெல்லாம் நடக்காது. பில் இல்லை, பையில் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இல்லை. வாங்கும்போதே இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். உணவில் சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322, விற்றவர் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. வீடியோ வந்த அன்றே அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பியிருக்கலாம். நான் மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். நேற்று அதே குழுக்களில் நடந்ததை எழுதிப் போட்டேன். அன்றைக்கு எத்தனை பேர் கொதித்தார்கள்! இப்போது ஒரே ஒரு கட்டைவிரல் வந்திருக்கிறது, என் நாத்தனாருடையது.

அண்ணாச்சி கடைக்கு மறுபடி போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "ஒரு சிப்பம்" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், உருட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."