நாலு மெயில் கணக்கு, ஒரே ஜன்னல்: தண்டர்பேர்டா, ஈஎம் கிளையன்டா, புது அவுட்லுக்கா?

ஜிமெயில் இரண்டு, யாஹூ ஒன்று, சொந்த டொமைனில் ஒன்று. நாலையும் பிரவுசரில் தனித்தனி டேபாகத் திறந்து வைத்து வேலை பார்ப்பது எனக்குச் சரிப்படவில்லை. எல்லா மெயில் கணக்குகளையும் ஒரே இடத்தில் காட்டும் இந்த மூன்று மென்பொருள்களையும் விண்டோஸ் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டுத் தண்டர்பேர்டிலேயே நின்றுவிட்டேன்.

கணக்கைச் சேர்ப்பது மூன்றிலும் சுலபம்தான். ஜிமெயிலுக்கும் யாஹூவுக்கும் லாகின் ஜன்னல் வரும், அனுமதி கொடுத்தால் முடிந்தது.

பார்க்க அழகு ஈஎம் கிளையன்ட். காலண்டரும் தொடர்புகளும் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் இலவசப் பதிப்பில் இரண்டு கணக்குதான், அதுவும் சொந்த உபயோகத்துக்கு மட்டும். இரண்டே கணக்கு உள்ளவர்கள் தயங்காமல் அதை எடுக்கலாம். லினக்ஸுக்கு அது கிடையாது.

2024 முடிவில் விண்டோஸின் பழைய மெயில் செயலியை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் புது அவுட்லுக்கைக் கொண்டுவந்தது. இலவசமாகப் பயன்படுத்தினால் இன்பாக்ஸில் விளம்பரம் வரும். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. ஜிமெயிலையோ யாஹூவையோ அதில் சேர்த்தால், அந்த மடல்கள் மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்கும் ஒத்திசைக்கப்படும். அலுவலகமே மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஓடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. தண்டர்பேர்டோ நம் கணினியிலிருந்து நேராக அந்தந்த சர்வரோடு பேசுகிறது.

நான் முடிவெடுத்தது ஒரே காரணத்துக்காக: நாளைக்குக் கணினி மாறினால் பழைய மடல்கள் என்ன ஆகும்? தண்டர்பேர்டில் எல்லாம் புரொஃபைல் என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. அதை அப்படியே காப்பி செய்து புதுக் கணினியில் வைத்தால் கணக்குகள், ஃபில்டர்கள், மடல்கள் எல்லாம் கூடவே வந்துவிடும். சேமித்த பாஸ்வேர்டுகளும் வரும் என்பதால், காப்பி எடுத்த பென்டிரைவைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. மடல்கள் எம்பாக்ஸ் என்ற பழைய, பொதுவான வடிவத்தில் கிடக்கின்றன. நோட்பேடில் திறந்தால்கூட யார் அனுப்பியது, என்ன தேதி என்று படிக்கலாம். தமிழ் மடலின் உள்ளடக்கம் மட்டும் பெரும்பாலும் குறியீடாகத் தெரியும். நாளைக்கே தண்டர்பேர்ட் நின்றுபோனாலும் இந்தக் கோப்புகளை வேறு மென்பொருள் படித்துவிடும். ஈஎம் கிளையன்டிலும் பேக்கப் வசதி இருக்கிறது, ஆனால் மடல்கள் அதன் சொந்த டேட்டாபேஸில் இருப்பதால் வேறு மென்பொருளுக்கு மாற ஏற்றுமதி செய்தாக வேண்டும்.

தண்டர்பேர்டுக்குக் கொஞ்சம் பராமரிப்பு வேண்டும். மடலை அழித்தாலும், காம்பேக்ட் (அழித்த மடல்களை நீக்கிக் கோப்பைச் சுருக்குவது) செய்யும்வரை அது கோப்பிலேயே கிடக்கும். காம்பேக்ட் செய்யட்டுமா என்று அதுவே கேட்கும்போது சரி என்று சொல்லிவிடுங்கள். ஜிமெயிலின் லேபிள்கள் ஃபோல்டர்களாக வருவதால் ஒரே மடல் இன்பாக்ஸிலும், எல்லா மடல்களும் இருக்கும் ‘ஆல் மெயி’லிலும் இரண்டு முறை இறங்கும். ஜிமெயில் அமைப்புகளில், லேபிள்கள் பக்கத்தில், ஆல் மெயிலை ஐமேப்பில் (தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்கள் சர்வரிலிருந்து மடல்களைப் படிக்கும் வழி) காட்டாதபடி டிக்கை எடுத்துவிட்டால் வட்டில் நிறைய இடம் மிச்சமாகும்.

மேக்கில் இவற்றை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அங்கே எது தேவலை என்று சொல்ல மாட்டேன்.

ஜிமெயிலின் 15 ஜிபி நிரம்பிவிட்டது என்பதற்காக மாறுகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய மடல்களைத் தண்டர்பேர்டின் லோக்கல் ஃபோல்டருக்கு (நம் கணினியில் மட்டும் இருப்பது) இழுத்துப் போட்டால் மட்டும் ஜிமெயிலில் இடம் காலியாகிவிடாது. இன்பாக்ஸிலிருந்து போனாலும் ஆல் மெயிலில் அவை அப்படியே இருக்கும். முதலில் லோக்கலுக்கு நகல் எடுங்கள், நாலைந்தைத் திறந்து மடலோடு வந்த இணைப்புக் கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் ஜிமெயிலில் அவற்றை டிராஷுக்கு அனுப்பி, டிராஷையும் காலி செய்யுங்கள்.