பழைய ஸ்கேனருக்காக வேர்ச்சுவல்பொக்ஸ்: மட்டக்களப்பு அச்சகம் ஒன்றில் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில் உள்ள சிறிய அச்சகம் ஒன்றின் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கோயில் திருவிழா அறிவித்தல்கள், கல்யாண அழைப்பிதழ்கள், முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள் என்று அங்கே நடக்கும் வேலையில் பெரும்பகுதி பழைய கோப்புகளை எடுத்துத் திருத்தி மீண்டும் அச்சிடுவதுதான். அந்தக் கோப்புகள் பேஜ்மேக்கர் என்னும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் உள்ளன. நினைவு மலர்களுக்கு வரும் மங்கிய குடும்பப் படங்களை வருடுவதற்கு ஒரு பழைய ஸ்கேனர் இருக்கிறது. அதன் கண்ணாடித் தட்டும் படத்தின் தெளிவும் இன்றைக்கும் குறை சொல்ல முடியாதவை. விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்ததால் அச்சகத்துக்கு விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி வாங்கப்பட்டபோது, அந்த ஸ்கேனர் மட்டும் வழியில்லாமல் நின்றுவிட்டது.

காரணம் எளிது. அந்த ஸ்கேனருக்கு அதன் தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட ட்ரைவர், அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள், 32 பிட் விண்டோஸுக்கானது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் ட்ரைவரை ஏற்றுக்கொள்ளாது. விண்டோஸ் 11 இற்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே பழைய மென்பொருள்களுக்காக விண்டோஸில் உள்ள பொருந்து முறையை மாற்றிப் பார்ப்பதிலும், இணையத்தில் கிடைக்கும் பெயர் தெரியாத ட்ரைவர்களை இறக்கிப் பார்ப்பதிலும் செலவழிக்கும் நேரம் வீண். ஸ்கேனரைத் தூக்கி எறிய வேண்டும், அல்லது 32 பிட் விண்டோஸ் 7 ஐ ஒரு மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள்ளே மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினிக்குள்) ஓடவிட்டு ஸ்கேனரை அதனுடன் இணைக்க வேண்டும். அச்சகத்தில் விண்டோஸ் 7 இன் உரிமம் பெட்டியோடு இருந்ததால் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். மெய்நிகர் கணினியை உருவாக்க ஒரக்கிள் நிறுவனத்தின் வேர்ச்சுவல்பொக்ஸ் 7.1 வரிசைப் பதிப்பைப் பயன்படுத்தினேன். அதன் மற்ற வசதிகளைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை, யூ.எஸ்.பி. கருவிகளைக் கையாள்வதில் அது எப்படிப்பட்டது என்பதை மட்டுமே எழுதுகிறேன்.

எளிதாகப் புரிவதற்காக மேசையில் இருக்கும் உண்மையான விண்டோஸ் 11 ஐ வெளிக் கணினி என்றும், வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் ஓடும் விண்டோஸ் 7 ஐ உள் கணினி என்றும் சொல்லிக்கொள்கிறேன். ஸ்கேனரின் கம்பியைச் செருகியதும் அதை முதலில் காண்பது வெளிக் கணினி. வேர்ச்சுவல்பொக்ஸ் தனது சொந்த ட்ரைவர் ஒன்றின் மூலம் அதை வெளிக் கணினியிடமிருந்து பிடித்தெடுத்து, உள் கணினியில் தான் பாவனையாக உருவாக்கிய யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியில் (யூ.எஸ்.பி. போர்ட்டுகளை இயக்கும் பகுதியில்) பொருத்துகிறது. அதன் பிறகுதான் உள் கணினியில் ஸ்கேனரின் ட்ரைவருக்கு வேலை வருகிறது. இப்படி மூன்று படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் தடங்கல் வந்தாலும் பயனாளியின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே: ஸ்கேனர் வேலை செய்யவில்லை. பலரும் உடனே மூன்றாவது படிக்குத் தாவி, ஸ்கேனரின் ட்ரைவரை நீக்குவதும் மீண்டும் நிறுவுவதுமாக ஒரு முழுநாளைக் கழிக்கிறார்கள். என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே இருக்கிறது.

முதற்படியில் பார்க்க வேண்டியது வெளிக் கணினியில் உள்ள வேர்ச்சுவல்பொக்ஸின் யூ.எஸ்.பி. கண்காணிப்பு ட்ரைவர். நிறுவும்போது வரும் கூறுகளின் பட்டியலில் யூ.எஸ்.பி. ஆதரவு என்பதும் ஒன்று. அதை விட்டுவிட்டு நிறுவியிருந்தால் கருவிகளைப் பிடித்தெடுக்க ஆளில்லை. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'எஸ்.சி. குவெரி' என்னும் கட்டளையால் 'வி-பொக்ஸ்-யூ.எஸ்.பி.-மொன்' என்ற அந்தச் சேவையின் நிலையைக் கேட்டால், ஓடிக்கொண்டிருப்பதாகப் பதில் வரவேண்டும். வராவிட்டால் வேர்ச்சுவல்பொக்ஸை நிர்வாகி உரிமையோடு மீண்டும் நிறுவுவதே பாதுகாப்பான வழி. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து யூ.எஸ்.பி. வகுப்பின் கீழுள்ள 'அப்பர் பில்டர்ஸ்' பதிவை அழிக்குமாறு சொல்லும் குறிப்புகளும் உலவுகின்றன. வேறு மென்பொருள்கள் விட்டுச்சென்ற எச்சம் அங்கே தடையாக நிற்கும்போது அது பயன் தருவது உண்மைதான். ஆனால் அதைக் கடைசி வழியாகவே, பதிவின் நகலை எடுத்து வைத்துக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். வெளிக் கணினி லினக்ஸாக இருந்தால் இந்தப் படி வேறுவிதமானது: பயனாளர் கணக்கை 'வி-பொக்ஸ்-யூசர்ஸ்' குழுவில் சேர்த்து, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்குக் கருவிப் பட்டியல் வெறுமையாகவே தெரியும்.

பிடித்தெடுத்தல் சரியாக நடந்ததா என்பதை அறிய ஒரு நல்ல அடையாளம் உண்டு. உள் கணினி ஸ்கேனரை வாங்கிக்கொண்டவுடன், வெளிக் கணினியில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் ஸ்கேனரின் பெயர் மறைந்து 'வேர்ச்சுவல்பொக்ஸ் யூ.எஸ்.பி.' என்ற பெயர் தோன்றும். அந்தப் பெயர் தோன்றிய பிறகு வெளிக் கணினியில் தேட எதுவும் இல்லை. கோளாறு உள்ளேதான் இருக்கிறது என்று உறுதியாக நகரலாம்.

இரண்டாவது படியாகிய கட்டுப்படுத்தியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்முனையில் இதேபோல் அச்சகம் நடத்தும் ஓர் அண்ணன் என் யோசனையைக் கேட்டுத் தானும் வேர்ச்சுவல்பொக்ஸை நிறுவிவிட்டு, இரண்டு நாள் போராடிய பின் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பேருக்கு நேரே டிக் விழுந்திருக்கு, ஆனா உள்ளுக்கு ஸ்கேனர் வரவே இல்ல" என்றார். வேர்ச்சுவல்பொக்ஸின் கருவிப் பட்டியலில் டிக் இட்ட கருவி உள் கணினிக்குள் போகவேண்டும். அவருடைய அமைப்புகளில் யூ.எஸ்.பி. 3.0 தெரிவு செய்யப்பட்டிருந்தது. பெரிய எண் நல்லது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் விண்டோஸ் 7 வெளியானபோது அதனுடன் யூ.எஸ்.பி. 3.0 கட்டுப்படுத்திக்கான ட்ரைவர் சேர்க்கப்படவில்லை; விண்டோஸ் 8 இலிருந்துதான் அது உடன் வருகிறது. எனவே உள் கணினிக்குத் தன்னிடம் ஒரு கட்டுப்படுத்தி இருப்பதே விளங்கவில்லை. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறியோடு பெயரற்ற யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி ஒன்று நின்றது. சுட்டும் கருவியாக யூ.எஸ்.பி. டப்லெட் தெரிவு செய்யப்பட்டிருந்தால் அந்த நிலையில் சுட்டியும் உள்ளே அசையாது. அப்போது அதை யூ.எஸ்.பி.க்கு முந்தைய பழைய வகையான பி.எஸ். 2 சுட்டியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. வேர்ச்சுவல்பொக்ஸ் பாவனை செய்யும் 3.0 கட்டுப்படுத்தி இன்டெல் நிறுவனத்தின் 7 ஆம் வரிசைச் சிப்செட்டில் உள்ளதைப் போன்றது. ஆகவே இன்டெல் விண்டோஸ் 7 இற்காக வெளியிட்ட யூ.எஸ்.பி. 3.0 ட்ரைவரை உள் கணினியில் நிறுவினால் அது இயங்கத் தொடங்கும். ஆனால் பழைய ஸ்கேனர் யூ.எஸ்.பி. 2.0 காலத்துக் கருவி. விநாடிக்கு 480 மெகாபிட் என்ற 2.0 இன் வேகமே அதற்குப் போதுமானது. ஆகவே மெய்நிகர் கணினியை முழுமையாக நிறுத்தி, அமைப்புகளில் 2.0 ஐத் தெரிவு செய்தோம். நிலையைச் சேமித்து மூடியிருந்தால் இந்த அமைப்பை மாற்ற இயலாது. உள்ளே விண்டோஸை ஒழுங்காக நிறுத்தியிருக்க வேண்டும். கல்முனை அண்ணன் ஒவ்வொரு மாலையும் நிலையைச் சேமித்தே மூடியதால் அந்தத் தெரிவு மங்கலாகவே தெரிந்திருக்கிறது. நிறுத்தி, மாற்றி, மீண்டும் தொடங்கியதும் ஸ்கேனர் உள்ளே வந்தது. முன்பே நிறுவியிருந்த ட்ரைவர் அதை உடனே அடையாளம் கண்டது.

அடுத்து வடிகட்டிகள். ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திறந்து ஸ்கேனருக்கு டிக் இடாமல் இருக்க, அமைப்புகளில் அதைத் தானாக உள்ளே எடுக்கும் ஒரு வடிகட்டியை உருவாக்கலாம். பட்டியலில் இருந்து கருவியைச் சேர்த்தால், தயாரிப்பாளர் எண், பொருள் எண், திருத்த எண், பெயர், தொடர் எண் என்று எல்லாக் கட்டங்களும் தாமாக நிரம்பிவிடும். முதலிரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுவது நல்லது. சில கருவிகள் மின்சாரம் கிடைத்ததும் ஓர் அடையாளத்தோடு தோன்றி, உள்ளே மென்பொருள் ஏறிய பின் சற்று மாறிய அடையாளத்தோடு மீண்டும் தோன்றும். எல்லாக் கட்டங்களும் நிரம்பிய வடிகட்டி அந்த இரண்டாவது தோற்றத்தைத் தவறவிட்டுவிடும். பொருள் எண்ணே மாறுகின்ற கருவியாக இருந்தால் இரண்டு வடிகட்டிகள் தேவைப்படும்.

எங்களுக்கு நேர்ந்த ஒரு தடங்கலுக்கும் வேர்ச்சுவல்பொக்ஸுக்கும் தொடர்பே இருக்கவில்லை. முதல் வாரத்தில் ஸ்கேனர் படத்தின் நடுவில் நின்று, பட்டியலில் இருந்து மறைந்து, மீண்டும் தோன்றியது. அமைப்புகள் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகுதான், தனி மின்சாரம் இல்லாத மலிவான ஹப் ஒன்றில் சுட்டி, விசைப்பலகை, பென்டிரைவ் ஆகியவற்றோடு ஸ்கேனரும் செருகப்பட்டிருந்ததைக் கவனித்தேன். ஒரு யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தரக்கூடியது 500 மில்லி அம்பியர், 3.0 போர்ட் 900 மில்லி அம்பியர். விளக்கும் மோட்டரும் அந்தக் கம்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஒரு ஸ்கேனர் அந்த அளவை மற்றவற்றோடு பங்கிட முடியாது. கணினியின் பின்புறப் போர்ட்டில் நேரடியாகச் செருகியது முதல் அந்தத் தொல்லை இல்லை.

இனி பென்டிரைவ் விடயம். இதில் நான் மிகவும் உறுதியாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: கோப்புகளை உள் கணினிக்குக் கொண்டுபோவதற்காகப் பென்டிரைவை வேர்ச்சுவல்பொக்ஸிடம் ஒப்படைக்காதீர்கள். வெளிக் கணினி பயன்படுத்திக்கொண்டிருக்கும் பென்டிரைவுக்கு டிக் இட்டால், வெளிக் கணினியைப் பொறுத்தவரை அது முறையாக வெளியேற்றப்படாமல் பிடுங்கப்பட்டதற்குச் சமம். எழுதி முடியாத தரவு அழியக்கூடும் என்று வேர்ச்சுவல்பொக்ஸின் கையேடே எச்சரிக்கிறது. பென்டிரைவை ஏதேனும் நிரல் பிடித்துக்கொண்டிருந்தால், முந்தைய கோரிக்கையில் கருவி ஈடுபட்டிருக்கிறது, பிறகு முயலவும் என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வரும். எந்த நிரல், எந்தக் கோரிக்கை என்று அந்தச் செய்தி சொல்லாது. வேர்ச்சுவல்பொக்ஸில் நான் காணும் பெரிய குறை இதுதான். மேலும் இணைப்புப் பாதியில் தடுமாறும்போது உள் கணினி பென்டிரைவை ஃபோர்மட் செய்யவா என்று கேட்கக்கூடும். வாடிக்கையாளர் ஒருவர் தன் தாயாரின் கடைசிப் படங்களைக் கொண்டுவந்த பென்டிரைவில் அந்தக் கேள்விக்குத் தவறிக்கூட ஆம் என்று அழுத்தக் கூடாது.

இதற்கு மாற்றாக, உள் கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் தொகுப்பை நிறுவி, வெளிக் கணினியில் உள்ள ஒரு கோப்புறையைப் பகிர்வுக் கோப்புறையாக அமைத்தோம். பென்டிரைவை வெளிக் கணினியே திறக்கிறது. வைரஸ் சோதனையை அங்கேயே செய்து, தேவையான படங்களை மட்டும் அந்தக் கோப்புறையில் இடுகிறோம். வலையமைப்பு அட்டை இல்லாமலே இந்தப் பகிர்வு இயங்குவதால் உள் கணினியின் இணையத் தொடர்பை முற்றாகத் துண்டித்துவிட முடிந்தது. விண்டோஸ் 7 இற்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 ஆம் திகதியே முடிந்துவிட்ட நிலையில் இது மிக அவசியமான ஏற்பாடு. பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் பகிர்வுக் கோப்புறையில் வைத்தபடியே திறக்காமல், உள் கணினியின் வட்டுக்கு நகலெடுத்துத் திறக்கிறோம்.

மாற்று மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸின் புரோ பதிப்புடன் வரும் ஹைப்பர்-வி இத்தகைய ஸ்கேனரை நேரடியாக உள் கணினிக்குக் கொடுக்கும் வசதியைக் கொண்டிருக்கவில்லை. எனவே இந்த வேலைக்கு அது பொருந்தாது. விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகியிருக்கிறது, யூ.எஸ்.பி. கருவிகளை இணைக்கும் வசதி அதிலும் உண்டு. வேர்ச்சுவல்பொக்ஸில் ஒரு கருவி எவ்வளவு முயன்றும் உள்ளே வராவிட்டால் அதையும் முயன்று பார்ப்பது தகும்.

உரிமம் பற்றிய ஒரு செய்தி தொழில் நடத்துவோருக்கு முக்கியமானது. யூ.எஸ்.பி. 2.0, 3.0 இரண்டுக்கும் எக்ஸ்டென்ஷன் பக் என்ற கூடுதல் பொதி வேண்டும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்கின்றன. 2022 ஒக்டோபரில் வெளியான 7.0 பதிப்பு முதல் அந்த இரு கட்டுப்படுத்திகளும் அடிப்படைத் தொகுப்புக்குள்ளேயே வந்துவிட்டன. அடிப்படைத் தொகுப்பு ஜி.பி.எல். என்னும் திறந்த மூல உரிமத்தில் கிடைப்பதால் அச்சகம் போன்ற இடங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எக்ஸ்டென்ஷன் பக்கோ தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். கல்முனை அண்ணன் பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து அந்தப் பொதியையும் நிறுவியிருந்தார். அதை நீக்கிவிட்டு ஸ்கேனரை மீண்டும் இணைத்துப் பார்த்தோம், 2.0 அமைப்பில் அது முன்போலவே இயங்கியது.