அல்சூர் மொட்டை மாடியில் 6 அங்குல டாப்சோனியன்

பெங்களூரு வானத்தில் தொலைநோக்கி வாங்கி என்ன பார்க்கப் போகிறோம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எஸ்.எஸ். சிக்னி, அன்னம் (சிக்னஸ்) விண்மீன் குழுவில் இருப்பது. 1896ல் கண்டுபிடிக்கப்பட்ட குறு நோவா இது, அதாவது அவ்வப்போது திடீரென்று பிரகாசமாகும் இரட்டை விண்மீன். ஒரு வெண்குள்ளன் (எரிந்து முடிந்த விண்மீனின் சிறிய, அடர்ந்த மிச்சம்), பக்கத்து விண்மீனிலிருந்து வாயுவை இழுத்துத் தன்னைச் சுற்றி வட்டாகச் சேர்த்துக்கொள்கிறது, அது நிரம்பிச் சூடேறியதும் 12ஆம் மேக்னிட்யூடில் (பிரகாச அளவு, எண் குறைந்தால் பிரகாசம் கூடும்) கிடந்த புள்ளி ஓரிரு நாளில் 8ஐத் தொட்டுவிடும், அதாவது கிட்டத்தட்ட 40 மடங்கு பிரகாசம்! சராசரியாக ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை இது நடக்கும், ஆனால் தேதி சொல்லி வராது.

சரி, கருவிக்கு வருவோம்: 6 அங்குல டாப்சோனியன், எளிய சுழல் தாங்கியில் உட்காரும் கண்ணாடித் தொலைநோக்கி. 25 மி.மீ. கண்ணருகு வில்லையில் 48 மடங்கு உருப்பெருக்கம், பக்கத்து ஒப்பீட்டு விண்மீன்களும் ஒரே பார்வையில் அடங்கும். இதைவிடப் பிரகாசம், அதைவிட மங்கல் என்று பார்த்து மதிப்பைக் குறித்துக்கொள்ள அதுதான் முக்கியம். மோட்டார் கிடையாது, கையால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி நகரும். அமைதியாக இருக்கும்போது அந்த விண்மீன் எங்கள் மாடியிலிருந்து தெரியாது, வெடித்தால் பளிச்சென்று தெரியும், அந்த முதல் ராத்திரிக்காகவே வாங்கலாம்.

கூட வரும் சிவப்புப் புள்ளி ஃபைண்டர் (உருப்பெருக்காத குறிபார்ப்பான்) வேஸ்ட். நகர வெளிச்சத்தில் அன்னத்தின் மங்கலான விண்மீன்கள் கண்ணுக்குத் தெரியாதபோது எதை வைத்துக் குறிபார்ப்பது? 9 மடங்கு பெருக்கும், 50 மி.மீ. வில்லையுள்ள 9x50 ஃபைண்டர் தனியாக வாங்கிவிடுங்கள். அப்புறம், மழைக்காலம் முடிந்து அக்டோபர், நவம்பர் சாயங்காலங்களில் வடக்குப் பக்கம் திறந்த மாடி வேண்டும்.