ஆயுள் தடையா, நிபந்தனையுடன் மறுவாய்ப்பா?

பெண்களைத் துன்புறுத்திய விளையாட்டு வீரரை நிரந்தரமாக விலக்குவதா, தண்டனைக்குப் பின் சேர்த்துக்கொள்வதா என்ற கேள்வியில், பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பையே முதலில் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு: ஆயுள் தடை கண்டிப்பானது, எனினும் கணவரின் வருமானத்தை நம்பியிருக்கும் பெண் அதற்கு அஞ்சியே புகார் கொடுக்கத் தயங்கக்கூடும். மறுவாய்ப்பு அத்தயக்கத்தைக் குறைக்கும். ஆனால் கண்காணிப்பு கட்டாயம்.

நேர்மை: 2014இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸுக்கு முதலில் 2 ஆட்டத் தடையே விதிக்கப்பட்டது, மின்தூக்கியில் அவர் தம் வருங்கால மனைவியை அடித்து வீழ்த்திய காணொளி வெளியான பிறகே அது காலவரையற்ற தடையானது. மேல்முறையீட்டில் அத்தடை நீங்கியும் எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. காணொளி இல்லாத பெண்ணுக்கு யார் நீதி வழங்குவார்கள் என்பதே என் கவலை.

எளிமை: தடையை அறிவித்தால் போதும், மறுவாய்ப்புக்கோ ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு தேவை.

கடுமையான வன்முறை நிரூபிக்கப்பட்டாலோ குற்றம் மீண்டும் நிகழ்ந்தாலோ ஆயுள் தடையே பொருந்தும். முதல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையையும் மனநல ஆலோசனையையும் முடித்தவருக்கு, அப்பெண்ணின் கருத்தைக் கேட்ட பிறகு மட்டும் மறுவாய்ப்பு தரலாம்.